செல்வதுரை அண்ணாச்சிக்கு ஒரு தகவல் மனு

வாசல் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. பதினோரு குடங்களையும் இரண்டு டிரம்களையும் நிரப்புகிறவர் தங்கத்தாய். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு குடம் நிரம்புவதற்குள் அடுத்ததன் வாயைக் கழுவி, நிரம்பியதைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி ஓடி வருவார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ‘காலை 6.12, நீர் வரத்து ஆரம்பம்’ என்று நோட்டில் குறித்துக்கொள்கிறவர் அவருடைய கணவர் செல்வதுரை. குடத்தைத் தூக்க மாட்டார். அது வேறு துறை.

வாசகர்களே, நான் சொல்ல வந்த இனம் இதுதான். பதில் கேட்கிற இனம்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஒரு ஃபைல், நாக்கு நுனியில் ஒரு சட்டப் பிரிவு எண். தபால் ஆபீசில் அவரைக் கண்டதும் கவுண்டரில் இருப்பவர் எடை மெஷினைத் துடைத்து வைப்பார். அரசு அலுவலகம் எதிலாவது அவர் தலை தெரிந்தால் மூன்று பேருக்கு உடனே டீ குடிக்க வேண்டும் போலிருக்கும். தகவல் பெறும் உரிமைச் சட்டம் ஊருக்கெல்லாம் பொதுவாகத்தான் வந்தது. ஆனால் இவர் வீட்டுக்கு மட்டும் அது பெயர் போட்டு வந்த மாதிரி இருக்கும்.

எங்கள் அடுத்த வீட்டு செல்வதுரை அண்ணாச்சி அந்த இனத்தில் முதல் தரம். தொழிலுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. உப்பு லாரிக்காரர்கள் தார்ப்பாய் வாங்க வந்து, மனு எழுதிக்கொண்டு போவதும் உண்டு. வீட்டில் பீரோவுக்கு மேலே ஒன்பது பாக்ஸ் ஃபைல். கையெழுத்தாகித் திரும்பி வந்த ஒப்புகை அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பார். மற்றவர்கள் கல்யாண ஆல்பம் காட்டுவது போல வந்தவர்களுக்கு அதைக் காட்டுவார்.

குறை சொல்லக் கூடாது. எங்கள் தெருச் சாக்கடைக்கு மூடி வந்தது அவர் போட்ட மனுவால்தான். அதில் விழாமல் நடந்து போகும்போதெல்லாம் நான் அவரை மனதுக்குள் வாழ்த்துவதுண்டு.

ஆனால் சிப்பி விவகாரத்தைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து ரவுண்டானாவில் சிமெண்டில் ஒரு சிப்பி செய்து வைத்திருந்தார்கள். வாயைத் திறந்தபடி இருக்கும். உள்ளே ஒரு வெள்ளை உருண்டை, அதற்குள் ஒரு பல்பு. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இது முத்துக்குளித்த ஊர் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? ஒருநாள் உருண்டையைக் காணோம். சிப்பி மட்டும் கொட்டாவி விட்டபடி நின்றது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? பார்ப்போம், ‘ச்சே’ என்போம், போய்விடுவோம். அண்ணாச்சி வண்டியை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தார்.

‘சிப்பிக்குள் இருந்த முத்து கடைசியாகக் காணப்பட்ட தேதி என்ன? கண்ட அலுவலரின் பெயர், பதவி என்ன? முத்து இல்லாத சிப்பியைத் திறந்தே வைத்திருப்பதற்கான அரசாணையின் நகல் தேவை.’

முப்பதாம் நாள் மாநகராட்சியிலிருந்து பதில் வந்தது. சிப்பி தங்களுடையதுதான், ஆனால் முத்துக்குள் பல்பு எரிந்ததால் அது மின் பிரிவைச் சார்ந்தது, ஆகவே மனு அங்கே மாற்றப்படுகிறது. மின் பிரிவு எழுதியது: பல்பு மட்டுமே எங்களுடையது, உருண்டை பூங்காப் பிரிவுடையது. பூங்காப் பிரிவு ஒரே வரியில் முடித்துவிட்டது: எங்கள் பூங்காக்களில் முத்து வளர்க்கப்படுவதில்லை. மூன்றையும் அண்ணாச்சி லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

“பாத்தியளா? ஒரு கேள்விக்கு நேரா ஒரு பதில் உண்டா? மக்கள் கேட்டா சொல்லணும்லா? ஏன் மறைக்காவ?” என்று என்னிடம் பொங்கினார். உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது.

அந்தச் சமயத்தில் உள்ளேயிருந்து தங்கத்தாய், “மத்தியானம் சாப்பிட வாரியளா?” என்று கேட்டார்.

“பாப்போம்” என்றார் அண்ணாச்சி.

இதுதான் நான் உங்களுக்குக் காட்ட வேண்டிய இடம். வெளியே கேள்வியாகவே வாழ்கிறவர் வீட்டுக்குள் நுழைந்ததும் ஓர் அலுவலகமாகிவிடுவார். அக்கா வீட்டுக்குப் போன் போட்டீர்களா? ஆகட்டும். முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது? ஒண்ணுமில்ல. போன வருஷம் ஒரு காலையில் பெயிண்டர் வந்து முன்பக்கச் சுவர் முழுவதையும் ரோஸ்மில்க் கலரில் அடித்துவிட்டுப் போனார். இந்த நிறத்தை யார் முடிவு செய்தது, எப்போது, எந்த அடிப்படையில் என்று அந்த வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. தங்கத்தாய் கேட்டதற்கு வந்த பதில்: “அதான் அடிச்சாச்சுல்லா.”

செருப்பை மாட்டும்போது, “எங்கன போறிய?” என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது.

“போகும்போது எங்கனன்னு கேக்காதன்னு எத்தன தடவ சொல்லுதது? போற காரியம் வெளங்குமாளா?”

சரி, வந்த பிறகு எங்கே போனீர்கள் என்று கேட்டால்?

“அதான் வந்துட்டம்லா.”

சட்டத்தில் வெளியிடுவதிலிருந்து விலக்களிக்கப்பட்ட தகவல்கள் பத்து வகை என்று அவரே விரல் விட்டுச் சொல்வார். அவர் வீட்டில் பதினோராவதாக ஒரு வகை உண்டு. மீதி எல்லாம் அதில் அடங்கும்.

இருபத்தைந்து வருஷமாக இப்படியே ஓடிய வண்டிதான். அவர்கள் மகள் முத்துச்செல்வியைப் பெண் பார்க்க வந்த அன்று அது தடம் மாறியது.

முத்துச்செல்வி துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறாள். ஒரு தாளில் ஓர் எண் தவறினால் ஒரு கப்பல் சரக்கு நிற்கும் என்கிற வேலை. மாப்பிள்ளை பாண்டியராஜனுக்கு ஆழ்வார்திருநகரி. ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். இரண்டு பேரையும் பத்து நிமிஷம் மொட்டைமாடியில் பேச விட்டார்கள். இறங்கி வந்தவள் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, நெத்தியில ஒரு தழும்பு இருந்துச்சு. என்னதுன்னு கேட்டேன். ‘ஓடுத பஸ்ல ஏறப் போயி விழுந்துட்டேன், தப்பு என் மேலதான்’னு சொல்லுதாவ. கேட்ட ஒடன சொல்லிட்டாவ அக்கா!”

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கேட்ட கேள்விக்கு அதே நாளில், அதுவும் தன் தப்பு என்று சேர்த்து, ஓர் ஆண்பிள்ளை பதில் சொல்லி அவள் பார்த்ததே இல்லை. அதுவும் அரசாங்க உத்தியோகஸ்தர். அங்கேயே அவள் மனசு முடிவாகிவிட்டது.

மறுநாளே அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. எங்களுக்குச் சம்மதம், உங்கள் பதிலைச் சொல்லுங்கள் என்றார்கள். அண்ணாச்சி, “சொல்லுதோம்” என்றார்.

ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரம் மாப்பிள்ளையின் அப்பா கூப்பிட்டார். “சொல்லுதோம் அண்ணாச்சி.” மூன்றாவது வாரம் மறுபடியும். “சொல்லுதோம்னு சொன்னம்லா.” தங்கத்தாய் கேட்டால் “ஆகட்டும்.” மகள் கேட்டால் “நடவடிக்கையில இருக்கு.” என்ன நடவடிக்கை? யாருடைய நடவடிக்கை? பிடிக்கவில்லையா, குறை ஏதாவது கேள்விப்பட்டாரா? ஒண்ணுமில்ல. நாற்பதாம் நாள் சனிக்கிழமை, மாப்பிள்ளையின் அம்மா தங்கத்தாயிடமே பேசிவிட்டார். “புதன்கிழமைக்குள்ள ஒரு வார்த்த சொல்லிருங்க மைனி. இல்லன்னா குரும்பூர்ல ஒரு எடம் வந்திருக்கு, பாக்கப் போயிருவோம். எங்களுக்கும் எத்தன நாளு?”

முத்துச்செல்வி அழவில்லை. அப்பாவின் மேசை இழுப்பறையைத் திறந்து, பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒன்றை எடுத்தாள். வெள்ளைத் தாளில் எழுதினாள். ஒட்டினாள். பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு தபால்காரர் ஜெஸ்டின் கயிற்றுக் கடைக்கு வந்தார். பிற்பாடு அவர்தான் இதைத் தெரு முழுக்கச் சொன்னார்.

“அண்ணாச்சி, பதிவுத் தபாலு. கையெழுத்துப் போடுங்க.”

“எந்த ஆபீசு?”

ஜெஸ்டின் உறையைத் திருப்பிப் பார்த்தார். “ஒங்க வீட்டு ஆபீசுதான்.”

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலரும் அப்பாவும், செல்வதுரை தார்ப்பாய் ஸ்டோர். கேள்விகள் மூன்று. ‘ஆழ்வார்திருநகரியிலிருந்து கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் அனுப்பப்பட்டதா? இல்லையெனில், கோப்பு நாற்பது நாட்களாக யார் மேசையில் உள்ளது? தாமதத்துக்குப் பொறுப்பான அலுவலரின் பெயர், பதவி என்ன? இது மனுதாரரின் வாழ்க்கை சம்பந்தப்பட்டது என்பதால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தகவல் தரப்பட வேண்டும். தவறினால் மேல்முறையீட்டு அலுவலர் திருமதி தங்கத்தாயிடம் முறையிடப்படும்.’

அண்ணாச்சிக்கு முதலில் கோபம் வரவில்லை. ஜெஸ்டின் சத்தியம் செய்கிறார். முதலில் வந்தது பெருமை. “பிரிவு சரியாப் போட்டிருக்கா. ஸ்டாம்பு எடம் சரி. மார்ஜின் சரி” என்று தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாராம். பக்கத்துக் கடைக்காரருக்கும் காட்டினாராம். இரண்டாவது முறை படிக்கும்போதுதான் பெறுநர் யார் என்பது உறைத்திருக்கிறது. பிறகு? இத்தனை வருஷமாகத் தனக்கு எல்லாரும் எழுதிய பதிலை அவர் மகளுக்கு எழுதினார்: ‘தகவல் தொகுக்கப்பட்டு வருகிறது.’ அதையும் வீட்டில் கையில் கொடுக்கவில்லை. தபாலில் போட்டார்.

எதைத் தொகுத்துக்கொண்டிருந்தார்?

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அது தெரிந்தது. கெடு முடிய மூன்று மணி நேரம் இருந்தது. நான் இட்லிப் பானையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். கொடுத்துவிட்டு உடனே வந்திருக்கலாம். வரவில்லை. தங்கத்தாய் துவைக்கப் போடுவதற்காக அண்ணாச்சியின் முந்தின நாள் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். நாலாய் மடித்த காகிதம் ஒன்று வந்தது. செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்த தபால். அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

தங்கத்தாய் நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை வாசித்தார். பிறகு, “ஏளா முத்து, இங்கன வா. ஏங்க, நீங்களும் வாங்க” என்று கூப்பிட்டார். மேல்முறையீட்டு விசாரணை ஆரம்பமாகிவிட்டது என்று நான் இட்லிப் பானையோடு சுவரோரம் ஒதுங்கினேன்.

விஷயம் இதுதான். பெண் பார்த்துப் போன பதினோராம் நாள், அண்ணாச்சி மாப்பிள்ளை வேலை பார்க்கிற அலுவலகத்துக்கே ஒரு தகவல் மனு போட்டிருக்கிறார். மற்ற அப்பாக்கள் டீக்கடையில் விசாரிப்பார்கள், சொந்தக்காரர்களிடம் விசாரிப்பார்கள். இவர் எழுத்துப்பூர்வமாக விசாரித்திருக்கிறார். ஆறு கேள்விகள். அந்த அலுவலகத்தில் தகவல் மனுக்களைப் பிரித்துப் பதில் தயாரிக்கிற மேசை யாருடையது தெரியுமா? பாண்டியராஜனுடையது.

பதிலின் முதல் தாள் முறைப்படி இருந்தது. கேட்டவை தனிநபர் விவரங்கள், தர இயலாது, அதிகாரியின் கையெழுத்து, முத்திரை. அதோடு கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றும் பின் குத்தியிருந்தது. அதில் பாண்டியராஜனின் கையெழுத்தில், கேள்வி வாரியாக அவனே சொந்த முறையில் எழுதிய பதில்கள். தங்கத்தாய் உரக்க வாசித்தார்.

“மூணாவது கேள்வி. ‘மேற்படி நபர் மதியம் தூங்குவாரா? எனில், நாற்காலியிலா, மேசையிலா?’ பதிலு: நாற்காலியில். வெள்ளிக்கிழமை மட்டும்.” அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார். “நாலாவது. ‘கோபம் வருமா? கடைசியாக வந்த தேதி?’ பதிலு: பசித்தால் வரும். கடைசியாகத் தங்கள் மனு வந்த அன்று வந்தது, சாப்பிட்டதும் போய்விட்டது. அஞ்சாவது. ‘டிபன் பாக்ஸை யார் கழுவுகிறார்?’ பதிலு: நான்தான்.”

தங்கத்தாய் நிறுத்தி, கணவரை ஒரு பார்வை பார்த்தார். இருபத்தைந்து வருஷமாக அந்த அம்மா கழுவிய டிபன் பாக்ஸ்கள் எல்லாம் அந்தப் பார்வையில் வரிசையாக வந்து போயின.

“ஆறாவது. ‘மேற்படி நபரை நம்பலாமா? ஆம் அல்லது இல்லை. சான்றொப்பமிட்ட நகல் தேவை.’” அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “பதிலு: இது எங்கள் அலுவலகக் கோப்பில் இல்லை. முத்துச்செல்வியிடம் கேட்டுக்கொள்ளவும்.”

கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. ‘தங்கள் மனுவுக்கு இருபத்தொன்பதாம் நாள் பதில் அனுப்புகிறேன். எங்கள் வீட்டிலிருந்து கேட்டதற்கு நாற்பது நாள் தாண்டிவிட்டது.’

முத்துச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“விசாரிச்சது தப்பில்ல,” என்றார் தங்கத்தாய். “அத எங்ககிட்ட ஏன் சொல்லலிய? இந்த ஆறாவது கேள்விய நம்ம பிள்ளகிட்ட ஒருநா கேட்டியளா?”

“ஆபீசுல கேட்டா எழுத்துல வரும்லா” என்றார் அண்ணாச்சி.

“எழுத்துல வந்திருச்சுல்லா. நேத்தே வந்திருச்சு. பெறவும் ஏன் சொல்லல?”

அவர் வாசலுக்கு நகர்ந்து, ரோஸ்மில்க் நிறச் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு, அந்த வீட்டில் நான் கேட்ட முதல் நேரான பதில் வந்தது.

“நான் சரின்னு சொல்லி, நாளைக்கு ஒண்ணுன்னா... யாரு பதில் சொல்லுதது?”

சிரிக்கத்தான் நினைத்தேன், சிரிக்க முடியவில்லை. மனு எழுதுகிறவர் பெயர் தவறுக்குப் பக்கத்தில் ஒருநாளும் வராது. ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்தான் மாட்டுவார். இத்தனை வருஷம் இவர் விரட்டிய உதவியாளர்கள் எல்லாருக்கும் வயிற்றில் இருந்த அதே பயம்தான் இவருக்கும். அவர்கள் அதைச் சிப்பிக்கும் முத்துக்கும் நடுவில் ஒளித்து வைத்தார்கள். இவர் ‘சொல்லுதோம்’ என்பதற்குள் ஒளித்து வைத்திருந்தார்.

தங்கத்தாய்க்கு இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் நேரமில்லை. துவைக்கிற துணி ஊறிக்கொண்டிருந்தது. “ஒண்ணுன்னா நாங்க மூணு பேரும் சேந்து சொல்லுவோம். இந்தாங்க” என்று போனை நம்பர் போட்டே கையில் கொடுத்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா எடுத்தார். ஸ்பீக்கரில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அண்ணாச்சிக்குப் பிரிவு எண் எதுவும் வாயில் வரவில்லை. “அண்ணாச்சி... நான் செல்வதுரை. எங்களுக்குச் சம்மதம். பதில் சொல்ல நாளாக்கிட்டேன். தப்பு என் மேலதான்.”

முத்துச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து, “அப்படியா? ரொம்ப சந்தோசம்” என்றது குரல். “வீட்ல கலந்துகிட்டுச் சொல்லுதோம்.”

போன் வைக்கப்பட்டது.

அண்ணாச்சி போனையே பார்த்தார். “சொல்லுதோம்னா? என்னைக்குச் சொல்லுதாவளாம்? ஒரு தேதி சொல்ல வேண்டாமா? இதென்னளா, பொறுப்பில்லாத பதிலு?” நாட்காட்டியை எடுத்து அன்றைய தேதியைச் சுற்றி வட்டம் போட்டார். உட்கார்ந்தார். எழுந்தார். மகளைப் பார்த்தார். அவள் கண்ணாடி முன்னால் நின்று ஆபீசுக்குப் போகப் பின்னலில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். கையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். பார்த்து முடித்த முகத்தை அப்பா நன்றாகவே பார்த்துவிட்டார்.

“ஏளா, யாரு அது? அந்தப் பையனா? என்ன சொல்லுதான்? ஏளா, ஒன்னத்தான் கேக்கேன்!”

அவள் ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

“எங்கன போற?”

“போகும்போது பிள்ளய எங்கனன்னு கேக்காதிய,” என்றார் தங்கத்தாய், வாளியைத் தூக்கியபடி. “போற காரியம் வெளங்க வேண்டாமா?”

முத்துச்செல்வி வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். ஸ்கூட்டி கிளம்புகிற சத்தத்துக்கு நடுவே அவள் போனில் சிரிப்பது கேட்டது. அண்ணாச்சி நாட்காட்டியும் கையுமாக நின்றார். நானும் இட்லிப் பானையை வைத்துவிட்டு நழுவினேன்.

சிரித்தீர்கள் அல்லவா? எனக்குத் தெரியும், உங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இதைப் படிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், உங்கள் வீட்டில் ஒருவர் அறைக்குள் வந்து உங்களிடம் ஏதோ கேட்டார். தலையைத் தூக்காமல் ‘ம்... சொல்லுதேன்’ என்றீர்கள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கதையில் சிப்பி வருவதற்கு முன்னாலேயே அறையை விட்டுப் போய்விட்டார்.